அமிக்கோ வருமா வராதா: 2020இல் வரவேண்டிய பெட்டியை இன்னும் நம்புறவை இருக்கினமோ?

புறாக்கூடு | கொட்டாஞ்சேனை | சனி இரவு 9.14

எங்கட குடும்ப வாட்ஸப் குழுவில, ஸ்காபரோவில இருக்கிற பெரியப்பாட மகன் திரும்பவும் இன்டெலிவிஷன் அமிக்கோ கதையைத் தொடங்கிட்டார். "கொம்பனி இன்னும் இருக்கு, பேர் மட்டும்தான் மாறினது, பொறுத்தால் வரும்" எண்டு நிக்கிறார். இங்க பழைய கேம் பெட்டி சேர்க்கிற ஆக்கள் கன பேர் இருக்கிறியள், அதால கேக்கிறன்.

கேள்விப்படாதவைக்குச் சுருக்கமா: மாட்டெல் எண்ட விளையாட்டுச் சாமான் கொம்பனி எண்பதுகளில வித்த கேம் பெட்டிதான் இன்டெலிவிஷன். அதின்ர பேரில வரவிருந்த புதுக் கொன்சோல் அமிக்கோ. 2018 ஒக்டோபரில அறிவிச்சது. ஏர்த்வேர்ம் ஜிம் கேமுக்கு இசை போட்ட டொமி டல்லாரிக்கோதான் முன்னுக்கு நிண்டவர். 2020 ஒக்டோபர் 10 எண்டு நாள் குறிச்சவை. பத்து, பத்து, இருபது, எண் பொருத்தம் பார்த்தே வச்சிருப்பினம். கொரோனா வந்தது, 2021 ஏப்ரல் 15க்குத் தள்ளிப் போச்சு. பிறகு 2021 ஒக்டோபர் 10. பிறகு வருசம் முடியிறதுக்குள்ள. அதுக்குப் பிறகு திகதியே இல்லை. 2022 பெப்ரவரியில டல்லாரிக்கோ தலைமைப் பதவியை விட்டார், ஃபில் அடம் வந்தார், அந்த வருசமே ஆக்களையும் குறைச்சினம்.

வருமோ எண்டது மட்டும் இல்லை என்ர கேள்வி. இப்படியான சாமான் பிந்துறது வழமைதானே. எந்த இடத்தில "இனிக் காணும்" எண்டு எழும்பி வாறது?

மூன்றாம்_குறுக்கு | சனி இரவு 9.20

வந்தா சொல்லுங்கண்ணே, பென்ஷன் காசுல வாங்கிக்கிறேன். இப்பதான் வேலைக்கே சேர்ந்திருக்கேன்.

சோல்டர்_பாஸ் | புறக்கோட்டை | சனி இரவு 10.02

தம்பி பகிடி விடட்டும். கேள்வி நல்ல கேள்வி.

பிந்தினதை மட்டும் வச்சு ஒருத்தனையும் கள்ளன் எண்டு சொல்ல ஏலாது. அனலொக் பொக்கெட் 2019 ஒக்டோபரில அறிவிச்சது, 2021 டிசம்பரிலதான் ஆக்களின்ர கைக்கு வந்தது. வந்த சாமான் எப்பிடி? கேம்போய் கார்ட்ரிஜ்ஜை அப்பிடியே செருகலாம், உள்ளுக்கு பழைய பெட்டியின்ர வன்பொருளைப் போலவே வேலை செய்யிற எஃப்பிஜிஏ சிப், திரையைப் பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது. அட்டாரி விசிஎஸ் அதைவிட இழுபறி. 2017இல பேர் சொன்னவை, 2018இல இண்டிகோகோ எண்ட, ஆக்களிட்டக் காசு சேர்க்கிற தளத்தில ஏறக்குறைய 30 இலட்சம் டொலர் சேர்த்தவை. வடிவமைச்ச பொறியியலாளர் தன்ர காசு வரேல்லை எண்டு சொல்லி 2019இல விலகினார். அதோட கதை முடிஞ்சுது எண்டுதான் எல்லாரும் எழுதிச்சினம். 2020 கடைசியில பெட்டி போய்ச் சேர்ந்தது. நல்ல பெட்டியோ எண்டது வேற கதை.

பிளாஸ்ரிக் அச்சு வெட்டுறதுக்கே பத்தாயிரக் கணக்கில டொலர் போகும். ஒரு ஓட்டை அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் அச்சைத் திருப்பி வெட்டோணும். 2021இல சிப் தட்டுப்பாடு, கார்க் கொம்பனிகளே சிப் இல்லாமல் வேலையை நிப்பாட்டின காலம். சின்னக் கொம்பனிக்கு ஆர் சிப் குடுக்கிறான்? இதெல்லாம் உண்மையான காரணங்கள்.

கள்ளம் எப்பிடி இருக்கும் எண்டு பார்க்கோணும் எண்டால் கொலிகோ கமீலியனைப் பாருங்கோ. 2016 பெப்ரவரி, நியூயோர்க் விளையாட்டுச் சாமான் கண்காட்சி. அட்டாரி ஜகுவாரின்ர பழைய அச்சில வார்த்த பெட்டி. அதில பிழையில்லை, அச்சைக் காசு குடுத்து வாங்கினவை. உள்ளுக்கு ஏதாவது புதுசா இருக்கோணும்தானே? பின்பக்கப் படத்தைப் பெருப்பிச்சுப் பார்த்த ஆக்கள் பிடிச்சிட்டினம், உள்ளுக்கு இருந்தது சூப்பர் நின்டென்டோவின்ர சின்ன மொடல் போர்ட். பிறகு ஒளி ஊடுருவிற பெட்டியில இன்னொரு போர்டைக் காட்டிச்சினம். அது என்னெண்டால், கம்பியூட்டருக்குள்ள போடுற பழைய வீடியோ கப்சர் கார்ட். சேர்க்கிட் போர்ட் பிடிச்ச கை எதுவும் அதை ஒரு நிமிசத்தில சொல்லும். அடுத்த மாசமே கொலிகோ பேர் வச்சிருந்தவை கையைக் கழுவிட்டினம்.

அமிக்கோவை அந்தக் கூட்டத்தில நான் சேர்க்க மாட்டன். வேலை செய்யிற மாதிரிப் பெட்டிகள் இருந்தது, ஆக்கள் விளையாடின வீடியோவும் இருக்கு.

நானும்_ஐந்தொகையும் | வெள்ளவத்தை | சனி இரவு 10.47

சோல்டர் அண்ணா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நான் திகதியையும் பார்ப்பதில்லை, போர்டையும் பார்ப்பதில்லை (பார்த்தாலும் விளங்காது). இன்றைக்கு இவர்கள் எதை விற்கிறார்கள் என்று பார்ப்பேன். போன வருடம் விற்றதும் இன்றைக்கு விற்பதும் ஒன்றுதானா?

அமிக்கோவுக்கு முதலில் விற்றது முற்பதிவு. 100 டொலர் கட்டுங்கள், வேண்டாம் என்றால் திருப்பித் தருவோம் என்றார்கள். கணக்கில் அது வருமானம் இல்லை, பொறுப்பு. சாமான் கைக்கு வரும் வரைக்கும் அந்தக் காசு கட்டினவருடையது, கொம்பனி அவருக்குக் கடன்.

அடுத்தது முதலீடு. ஃபிக், ஸ்டார்ட்எஞ்சின் போன்ற தளங்கள் வழியாகச் சாதாரண ஆட்களிடம் சிறு சிறு தொகையாக. அமெரிக்காவில் கூட்டு முதலீட்டு விதியின் உச்சவரம்பை 2021 மார்ச்சில்தான் 10 இலட்சத்து 70 ஆயிரம் டொலரிலிருந்து 50 இலட்சமாக உயர்த்தினார்கள். அந்தக் கதவால் நிறையப் பேர் உள்ளே வந்தார்கள். இங்கே கவனியுங்கள்: கேம் விளையாட வந்த ரசிகர் முதலீட்டாளர் ஆகிவிட்டார். முற்பதிவு செய்தவருக்குக் காசைத் திருப்பிக் கேட்க வாய் இருக்கிறது. முதலீடு போட்டவர் நட்டத்திலும் பங்காளி. ஒரே ஆள், ஒரே ஆசை, ஆனால் காகிதத்தில் இடம் மாறிவிட்டது. அதை எத்தனை பேர் வாசித்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்?

பிறகு 2021இல் கேம் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. கொன்சோல் இல்லை, அதற்கான கேம் மட்டும். உள்ளே கார்ட்ரிஜ்ஜும் இல்லை, ஆர்எஃப்ஐடி சிப் (கிட்ட வைத்தாலே வாசிக்கும் சிப்) வைத்த அட்டை. வராத இயந்திரத்தில் அட்டையை வைத்தால் கேம் தரவிறங்குமாம்.

2023 நவம்பரில் அமிக்கோ ஹோம். செயலி. உங்கள் ஃபோன்தான் கொன்ட்ரோலர்.

2024 மேயில் பேரையே விற்றார்கள். இன்டெலிவிஷன் பேரையும் 200க்கு மேற்பட்ட கேம்களின் உரிமையையும் அட்டாரி வாங்கியது. மிச்சக் கொம்பனி தன் பேரை மாற்றிக்கொண்டு, பழைய கேம்களை அமிக்கோவில் போடுவதற்கு அட்டாரியிடமே உரிமம் பெற்று நிற்கிறது.

எங்கள் பக்கம் கடற்கரை ஒழுங்கைகளில் அத்திவாரம் வெட்ட முதலே ஃபிளாட் விற்கிறார்கள்தானே. மூன்றாம் மாடி எழும்பப் பிந்தினால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் கட்டுகிறவர் வந்து, "அக்கா, ஃபிளாட் இருக்கட்டும், கொம்பனியில ஒரு பங்கு எடுங்கோ, அதுவரைக்கும் இந்தத் திரைச்சீலையை வாங்கி வையுங்கோ" என்றால் அன்றைக்கே என் காசைக் கேட்பேன்.

புறாக்கூடு கேட்ட "எந்த இடத்தில்" என்பதற்கு என் பதில் அந்தத் திரைச்சீலை. அமிக்கோவில் அது 2021.

மூன்றாம்_குறுக்கு | சனி இரவு 10.51

அக்கா ஆர்எஃப்ஐடி திரைச்சீலை. ஜன்னல் வந்த பிறகு தரவிறங்கும்.

தெஹிவளை_டெவ் | சனி இரவு 11.30

அக்கா சொன்ன செயலி விசயத்துல கொஞ்சம் நின்டு கதைக்கணும், ஏன்டா அதுலதான் முழுக் கதையும் ஈக்கிது.

நான் ஆண்ட்ராய்ட் செயலி செய்ற ஆள். அமிக்கோவுக்குள்ள போடப் போறதா சொன்னது ஸ்னாப்டிராகன் 624, 2 ஜிபி ரேம். நடுத்தர ஃபோன் ஒன்றுட சிப். 2018ல அதைச் சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க, ரெண்டு பரிமாணக் கேமுக்கு அது தாராளம். ஆனா சிப்புக்கு வயசு போகும். நீங்க நாள் தள்ளித் தள்ளிப் போகும்போது உங்கட வாடிக்கையாளர்ட சட்டைப் பையில ஈக்கிற ஃபோன் உங்கட கொன்சோலைத் தாண்டிப் போயிடும். பழைய கார்ட்ரிஜ் ஓட்டுற பெட்டிக்கு இந்தப் பிரச்சினை இல்ல. அனலொக் பொக்கெட் இன்னும் ரெண்டு வருசம் பிந்தி வந்தாலும் கேம்போய் கார்ட்ரிஜ் அதே கார்ட்ரிஜ்தான். அமிக்கோ அப்படி இல்ல, அது புதுக் கேமை நம்பின பெட்டி.

காசு எங்க போச்சு என்டு கேட்டா, நான் கொன்ட்ரோலரைத்தான் காட்டுவன். பெட்டியோட ரெண்டு. ஒவ்வொன்றுலயும் தொடுதிரை, ஸ்பீக்கர், மைக், அசைவை உணர்ற சென்சர், கம்பியில்லாச் சார்ஜ், அதுக்கு மேல 64 திசை வட்டு. சுருக்கமா ரெண்டு சின்ன ஃபோன். முதல்ல 149க்கும் 179க்கும் இடையில என்டு சொன்ன விலை, பிறகு 249 டொலர் ஆனது சும்மா இல்ல.

இப்ப அமிக்கோ ஹோமைப் பாருங்க. பெட்டி இல்லாம, கொன்ட்ரோலர் இல்லாம, அதே கேம் உங்கட ஃபோன்லயும் டேப்லயும் ஓடுது. ஓடும்தான், அது முதல்ல இருந்தே ஆண்ட்ராய்ட் மாதிரிச் சாமான்தானே. ஆனா அதை வெளியிட்ட அன்டைக்கு அவங்களே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டாங்க. "இந்தப் பெட்டி எதுக்கு?"

கயல் | பம்பலப்பிட்டி | ஞாயிறு காலை 6.55

எல்லாரும் நல்லா அடிக்கிறீங்கள், அடியுங்கோ. ஆனா ஒரு அம்மாவா எனக்கு அந்தப் பெட்டி எதுக்கு எண்டு நல்லா விளங்கினது.

அவை சொன்னது என்ன? விளம்பரம் இல்லை. கேமுக்குள்ள காசு கேக்கிறது இல்லை. பத்து வயசுப் பிள்ளைக்கு ஒவ்வாதது ஒண்டும் இருக்காது. கேம் ஒண்டு பத்து டொலருக்குள்ள. சோஃபாவில பக்கத்தில பக்கத்தில இருந்து விளையாடுறது, அம்மம்மாவும் சேரலாம். எங்கட வீட்டில டேப்லெட்டைக் குடுத்தால் பிள்ளை அஞ்சு நிமிசம் விளையாடும், அரை நிமிசம் சூதாட்ட விளம்பரம் பார்க்கும். வைரம் வாங்கு, பெட்டி திற எண்டு கேட்டபடி. என்ர கார்ட் இலக்கத்தை அதில போட விடாமல் காவல் இருக்கிறது ஒரு தனி வேலை.

செய்ய ஏலாமல் போச்சு எண்டது உண்மை. அதுக்காக அந்த யோசனையே விசர் எண்டு கதைக்காதேங்கோ. அது தேவைப்பட்ட வீடுகள் இருக்கு.

தெஹிவளை_டெவ் | ஞாயிறு காலை 8.10

கயல் தாத்தா (எங்கட பக்கம் அக்காவைத்தான் அப்படிச் சொல்றது), யோசனையில எனக்குப் பிரச்சினையே இல்ல. நானும் ரெண்டு புள்ளைட வாப்பா.

ஆனா அதே பட்டியல்ல இன்னொரு வாக்கும் ஈந்தது: எல்லாக் கேமும் அமிக்கோவுக்கு மட்டும், வேற எங்கயும் கிடைக்காது. அங்கதான் கணக்குப் பிழைச்சது. ஃபினிகன் ஃபொக்ஸ் என்டு காட்டினது 2018ல வேற கொன்சோல்கள்ல வந்த ஃபொக்ஸ் என் ஃபொரஸ்ட்ஸ்ட மறுவேசம். ரிஜிட் ஃபோர்ஸும் ஸ்விட்ச்ல ஏற்கெனவே ஈந்த கேம். கொஞ்சம் மாத்திப் போடுறதுல குற்றம் இல்ல. அதை "மட்டும்" என்டு சொல்லித்தான் விக்கணுமா? நல்ல யோசனையைக் கெடுக்கிறதே இப்படியான சின்ன மிகைதான். ஒன்டைப் பிடிச்ச ஆள் மத்தது எல்லாத்தையும் தோண்டிப் பார்ப்பான்.

பழைய_அன்டெனா | இரத்மலானை | ஞாயிறு காலை 10.25

நான் இந்தக் கூட்டத்தில் வயது கூடியவன், அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்டெலிவிஷன் பேரில் வாக்குக் கொடுத்துப் பிந்தியது இது முதல் தடவை அல்ல. மாட்டெல் 1979இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் பரீட்சார்த்தமாக விற்று, 1980இல் நாடு முழுதும் கொண்டுபோனது. அப்போதே விளம்பரத்தில் ஒரு வாக்கு: இது வெறும் கேம் பெட்டி இல்லை, கீபோர்ட் பகுதி ஒன்று வரும், அதில் பொருத்தினால் முழுக் கம்பியூட்டர் ஆகிவிடும். அதை நம்பி வாங்கினவர்கள் காத்திருந்தார்கள். வரும், வரும் என்றே போனது. முறைப்பாடுகள் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு வரைக்கும் போய், 1982இல் மாட்டெலுக்குத் தண்டம் விதித்தார்கள். கடைசியில் அந்தக் கீபோர்ட் பகுதியில் ஏறக்குறைய 4000தான் செய்தார்கள். அதற்குப் பதிலாக மலிவாக வேறொரு சிறு கம்பியூட்டர் இணைப்பைப் போட்டுச் சமாளித்தார்கள். 1983இல் அமெரிக்க வீடியோ கேம் வியாபாரமே விழுந்தது, 1984இல் மாட்டெல் அந்தப் பிரிவை மூடியது.

அப்படியிருந்தும் பெட்டி நல்ல பெட்டி. 16 திசை வட்டு, பன்னிரண்டு விசை, ஒவ்வொரு கேமுக்கும் விசைகளுக்கு மேல் செருகும் ஓவர்லே அட்டை, 16 பிட் சிப். 30 இலட்சத்துக்கு மேல் விற்றது. அதை யாரும் மறுக்க முடியாது.

இதில் எங்களுக்கு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. 1979 ஏப்ரலில்தான் இங்கே ஐடிஎன் தொலைக்காட்சி தொடங்கியது, கொழும்பைச் சுற்றி மட்டும் தெரியும். ரூபவாஹினி வந்தது 1982இல். மாட்டெல் கேம் விற்றுக்கொண்டிருந்தபோது எங்கள் ஒழுங்கையில் ரிவி இருந்த வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு செய்தி பார்த்தவர்கள் நாங்கள். பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்த என் மைத்துனர் பிள்ளைகளுக்குத் தொண்ணூறுகளில் கரண்ட் இல்லை, பற்றரியும் தடைப் பொருள். எங்கள் பிள்ளைகள் விளையாடியது புறக்கோட்டையில் வாங்கிய டிவி கேம், அதில் 9999999 கேம் என்று போட்டிருக்கும், எண்ணிப் பார்த்தால் முப்பது நாற்பதுதான் வேறு வேறாக இருக்கும். அதுவும் பொய்தான். ஆனால் காசு கொடுத்த அன்றைக்கே வீட்டில் ஓடியது.

ஆகவே அமெரிக்கர் அமிக்கோவுக்கு ஏங்கினால் விளங்குகிறது. கொழும்பில் பிறந்த பிள்ளை ஏங்குவது எனக்கு விளங்கவில்லை. அது யூடியூபில் பிடித்த காய்ச்சல்.

சோல்டர்_பாஸ் | ஞாயிறு காலை 10.40

ஐயா, அந்த டிவி கேம் இப்பவும் திருத்த வருது. திறந்தால் கறுப்பு எபொக்சிப் பொட்டு ஒண்டு, அதுக்குள்ள முழு நின்டென்டோவும். அடப்டர்தான் முதல் போறது.

ஸ்காபரோ_மூத்தவன் | ஞாயிறு மாலை 7.05

தம்பி புறாக்கூடு என்னைப் பற்றித்தான் இங்க கதைக்கிறான் எண்டு கேள்விப்பட்டு வந்தனான். வணக்கம். நான் ஒருத்தருக்கும் முற்பதிவும் கட்டேல்லை, பங்கும் வாங்கேல்லை. அதை முதலே சொல்லிப் போடுறன், எனக்கு வக்காலத்து வாங்க ஒரு காரணமும் இல்லை.

ஐயா சொன்னது சரி, எனக்கும் சின்ன வயசில இன்டெலிவிஷன் இல்லை. இங்க வந்த பிறகு பழைய சாமான் சந்தையில கண்டு வாங்கினதுதான். பிறகுதான் கீத் ரொபின்சன்ட கதை வாசிச்சன். மாட்டெலில ட்ரோன் சோலார் செய்லர் கேம் செய்தவர். 1997இல அவரும் கூட வேலை செய்தவரும் சேர்ந்து உரிமையை வாங்கி, 2017இல சாகும் வரைக்கும் அந்தப் பேரை உயிரோட வச்சிருந்தவர். 1998இல பழைய கேம்களைக் கம்பியூட்டரில ஓட விட்ட இன்டெலிவிஷன் லைவ்ஸ் சிடி, 2014இல 60 பழைய கேமோட ஃப்ளாஷ்பக் பெட்டி. கேம் எழுதின ஆக்களே தங்கட கேமைக் காப்பாத்தினது வேற எங்க நடந்தது? அமிக்கோ அந்தக் கையில இருந்து வந்த உரிமை. அதால எனக்கு அதில ஒரு பற்று.

மற்றது, இந்த அவநம்பிக்கைக்காரரும் சும்மா ஆக்கள் இல்லை. மணித்தியாலக் கணக்கில வீடியோ போட்டு, ஒவ்வொரு சொல்லையும் வெட்டி ஒட்டி, அதையே பொழுதுபோக்கா வச்சிருக்கினம். பெட்டி வந்தாலும் அவைக்குக் கவலைதான் வரும். அக்கா சொன்ன பட்டியலை வேற மாதிரியும் வாசிக்கலாம்: காசு இல்லை, ஆனாலும் ஓடேல்லை. செயலியாவது போட்டினம். ஓடிப் போறவன் செயலி போடுவானோ?

நானும்_ஐந்தொகையும் | ஞாயிறு மாலை 7.50

மூத்தவன் அண்ணா, வந்ததற்கு நன்றி. உங்களை ஏமாளி என்று இங்கே யாரும் சொல்லவில்லை.

"ஓடிப் போகவில்லை" என்பதும் "கொன்சோல் வரும்" என்பதும் இரண்டு வேறு சங்கதி. அவர்கள் ஓடவில்லை என்பதை நானும் ஏற்கிறேன். நேர்மையாக உட்கார்ந்து செயலி செய்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அது செயலிக் கொம்பனி. கொன்சோல் செய்ய அச்சு, சிப், கப்பல், களஞ்சியம், உத்தரவாதம் எல்லாவற்றுக்கும் முதல் வேண்டும். பேரை விற்கிற நிலைக்கு வந்த கொம்பனிக்கு அந்த முதலை யார் கொடுப்பார், எதைப் பார்த்துக் கொடுப்பார்? இதற்கு ஒரு வரியில் பதில் இருந்தால் சொல்லுங்கள், நான் மிச்சத்தை விட்டுவிடுகிறேன்.

நீங்கள் சொன்ன கீத் ரொபின்சன் கதை உங்கள் பக்கத்துக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. இருபது வருடம் அவர் புதுக் கொன்சோல் ஒன்றும் வாக்குக் கொடுக்காமல்தானே அந்தப் பேரைக் காப்பாற்றினார்? இருந்த பழைய கேம்களைக் கொண்டுதான்.

கொம்பனித்தெரு_கிட் | ஞாயிறு மாலை 8.22

அக்காட விதிக்கு ஒரு ஓட்டை இருக்கு. ஸ்பெக்ட்ரம் வேகா பிளஸ்.

2016இல இண்டிகோகோவில 5 இலட்சம் பவுண்டுக்கு மேல சேர்த்தாங்க. சின்கிளயரோட எண்பதுகள் கம்பியூட்டர் ஸ்பெக்ட்ரம் இருக்கே, அதைக் கையில பிடிக்கிற மாதிரி, 1000 கேம் உள்ளுக்கே. அவங்க பங்கு விக்கல, திரைச்சீலை விக்கல, கடைசி வரைக்கும் அதே ஒரு சாமானத்தான் தாறோம்னு சொன்னாங்க. உள்ளுக்குள்ள இயக்குநர்மார் சண்டை, வழக்கு. 2018இல கொஞ்சப் பேருக்கு மட்டும் போச்சு, சொன்ன 1000 கேமும் இல்ல. சின்கிளயர் பேருக்குச் சொந்தக்காரரான ஸ்கை உரிமத்தத் திருப்பி எடுத்துட்டாங்க. 2019இல கொம்பனியக் கலைச்சாச்சு. விக்கிற சாமான் மாறவே இல்ல, ஆனா காசு போச்சு.

நானே இன்னொரு சின்னத் திட்டத்துல, பேர் சொல்ல விரும்பல, கையில பிடிக்கிற பெட்டி ஒண்ணுக்குக் கட்டிட்டு ஸ்டிக்கர் மட்டும் வாங்கினவன். லெப்டொப்ல ஒட்டியிருக்கேன்.

நானும்_ஐந்தொகையும் | ஞாயிறு மாலை 8.35

கிட், நல்ல உதாரணம். சாமான் மாறினால் எழும்பி வாருங்கள் என்றுதான் சொன்னேன். மாறாவிட்டால் பயமில்லை என்று சொல்லவில்லையே. மாறாத இடத்தில் பார்க்க வேண்டியது சோல்டர் அண்ணா சொன்னது: பெட்டிக்குள் என்ன இருக்கிறது, யார் கையில் பிடித்தார்.

ஸ்காபரோ_மூத்தவன் | ஞாயிறு மாலை 9.12

முதல் ஆர் குடுப்பார் எண்டு கேட்டீங்கள். எனக்குத் தெரிஞ்ச பதில் இல்லை. அட்டாரி குடுத்திருக்கலாம், ஆனா அவை தங்கட பெட்டியைப் போட்டிட்டினம்.

தெஹிவளை_டெவ் | ஞாயிறு மாலை 9.20

அதுதான் முடிவு, மூத்தவன் நானா. 2025 ஒக்டோபர்ல அட்டாரி அறிவிச்ச இன்டெலிவிஷன் ஸ்பிரின்ட். 45 கேம் உள்ளுக்கே, கம்பியில்லாக் கொன்ட்ரோலர் ரெண்டு, பழைய வட்டும் விசையும் ஓவர்லேயும், 149 டொலர் 99 சதம். அறிவிச்ச வருசமே விற்பனைக்கு என்டு நாள் போட்டது. புதுக் கேம் இல்ல, பெரிய வாக்கும் இல்ல. அமிக்கோ முதல்ல சொன்ன அதே 150 டொலர் பக்கத்து விலை, அதே பேர். அமிக்கோட இடத்தை அமிக்கோட பழைய பேரே எடுத்துட்டுது.

மூன்றாம்_குறுக்கு | ஞாயிறு மாலை 9.31

நம்ம பக்கக் கணக்கையும் யாராவது போடுங்க. 249 டொலர்னு விலை சொன்னாங்க இல்லியா? 2022 தொடக்கத்துல டொலர் 200 ரூபா, அப்ப கிட்டத்தட்ட ஐம்பதாயிரம். மே மாசம் 360க்குப் போச்சு, அப்ப தொண்ணூறாயிரம். வராத பெட்டிக்கு நம்ம ஊர்ல மட்டும் நாப்பதாயிரம் விலை ஏறியிருக்கு. கரண்டும் இல்ல, அந்த மார்ச் கடைசியில பதிமூணு மணித்தியாலம் வெட்டு. வந்திருந்தாலும் மெழுகுவர்த்தி வெளிச்சத்துல பெட்டியப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கணும்.

ஸ்பிரின்டே இன்னைக்கு 300 ரூபா கணக்குல நாப்பத்தஞ்சாயிரம், அனுப்புற செலவு, சுங்கம், வற் 18 வீதம் எல்லாம் தனி. அந்தக் காசுக்கு செக்கன்ஹேன்ட் பிஎஸ்4 பக்கத்துல போயிடலாம்.

கயல் | ஞாயிறு மாலை 9.44

அப்ப என்ர பிள்ளைக்கு விளம்பரம் இல்லாத பெட்டிக்கு வழி என்ன? ஆராவது அதைச் சொல்லுங்கோ, எல்லாரும் சரித்திரம் சொல்லியாச்சு.

தெஹிவளை_டெவ் | ஞாயிறு மாலை 10.03

தாத்தா, பழைய ஸ்விட்ச் ஒன்டு எடுங்க, யூனிட்டி பிளாசா பக்கம் விசாரிச்சா கிடைக்கும். பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி ஈக்கிது, கடைக் கணக்குல கார்டைச் சேர்க்காதீங்க, கேமைக் கார்ட்ரிஜ்ஜா வாங்குங்க. ரெண்டு ஜொய்கொன் (ஸ்விட்ச்ட சின்னக் கொன்ட்ரோலர்), பக்கத்துல பக்கத்துல இருந்து விளையாடலாம். வாங்க முதல் அனலொக் குச்சி தானா நகருதா என்டு கடையிலயே போட்டுப் பாருங்க.

கயல் | ஞாயிறு மாலை 10.06

நன்றி. இதுக்குத்தான் காத்திருந்தனான்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு மாலை 10.30

பெயர் குறிப்பிட்டு ஆட்களைத் திட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். டல்லாரிக்கோவின் வீடு, குடும்பம் பற்றியது இந்த இழைக்கு வேண்டாம். செக்கன்ஹேன்ட் விலை விசாரணை விற்பனைப் பகுதிக்குப் போகட்டும்.

புறாக்கூடு | திங்கள் காலை 7.40

எல்லாருக்கும் நன்றி. அக்கா போட்ட பட்டியலைக் குடும்பக் குழுவில போட்டன். அண்ணா பெருவிரலைக் காட்டினார், பெரியம்மா "அமிக்கோ ஆர்?" எண்டு கேட்டா.

சோல்டர்_பாஸ் | திங்கள் காலை 9.15

இழை முடிய முதல் ஒரு உதவி. ஃப்ளாஷ்பக் ஒண்டு கடைக்கு வந்திருக்கு, பெட்டி நல்லா ஓடுது, ஆனா ஓவர்லே அட்டை எல்லாம் சொந்தக்காரர் வீடு மாறேக்கை தொலைச்சிட்டார். படம் இணையத்தில எடுக்கலாம். மெல்லிய பிளாஸ்ரிக்கில அளவா அச்சடிச்சு வெட்டித் தாற ஆள் ஆராவது கொட்டாஞ்சேனைப் பக்கம் இருக்கோ? பேப்பரில அடிச்சால் ரெண்டு நாளில மடங்கும்.

புறாக்கூடு | திங்கள் காலை 9.22

மாமாட பிரஸ்ஸில ஐடி கார்ட் அடிக்கிற பிளாஸ்ரிக் தாள் இருக்கு பாஸ். ஒரு விசை இடம் அளந்து அனுப்புங்கோ, மூலை வளைவையும் சேர்த்து. பின்னேரம் கேட்டுச் சொல்லுறன்.